ஆறாவது சொல்

ஆறு, ஒண்டு, அஞ்சு, ரெண்டு, நாலு, மூண்டு.
சோக்கட்டியால் நிலத்தில் எழுதிவிட்டு
மெற்றில்டா நிமிர்ந்தாள்.
"இதுதான் தாளம். வேறை ஒண்டும் இல்லை."

குருநகர் ஐஸ் தொழிற்சாலை மூடிப் பதினொரு வருசம்.
அமோனியா மட்டும் இன்னும் வேலைக்கு வருகிறது.
நான் லைற்காரன்:
இரண்டு ஹலஜன், ஒரு நீட்டு வயர்,
தொட்டால் அடிக்கும் சுவிச்சு.

எழுநூறு வருசத்துக்கு முந்தி
இத்தாலியில் பாட்டுக் கட்டினவர்களின் விளையாட்டு அது.
ஆறே ஆறு சொல். வரி முடிவில் மட்டும் நிற்கும்.
அடுத்த பத்தியில்
கடைசியில் நின்றது முதலுக்கு வரும்,
முதலில் நின்றது அதன் முதுகைப் பார்க்கும்,
மிச்சம் நாலும் கால் மாறி நிற்கும்.
"அந்தாதி" என்றேன்.
"அந்தாதிக்குத் தலைசுத்தினா" என்றாள்.

சொல் தெரிவதற்கே மூன்று பின்னேரம் போனது.
அனற்றன் 'விடுதலை' என்றான்.
"அது கால்ல ஏறாது, வேறை சொல்லு."
ரஜிந்தா 'மழை' என்றாள், வெட்கப்பட்டு அழித்தாள்.
மிஞ்சியவை
உப்பு, கதவு, கயிறு,
நேற்று, பெயர், தண்ணீர்.

ஆளுக்கொரு சொல், சொல்லுக்கொரு நடை.
உப்பானவள் குதிக்காலால் நடந்தாள்.
கதவு தோளால் மட்டும் திரும்பியது.
தண்ணீர், கிளறன்ஸ்.
நாள் முழுக்க ஓட்டோ முறுக்குகிற கைக்கு
அந்த வழுக்கல் எங்கிருந்து வந்ததோ!
அவன் ஆடும்போது
ஐஸ் ஓடின பழைய வாய்க்கால்
தன் சரிவை ஞாபகப்படுத்திக்கொள்ளும்.

ஆடுவதற்கு இரண்டு நாள் இருக்க
பாசையூரில் வொலிபோல். வலைக்கு மேலே போனவன்
கணுக்காலை முறித்துக்கொண்டு கீழே வந்தான்.
பெரியாஸ்பத்திரி. மாக்கட்டு.
"வேறை ஆளைப் போடுவமோ?"
"இடத்தை விடுங்கோ" என்றாள் மெற்றில்டா.
"அது தன்ரபாட்டுக்கு ஆடும்."

நாற்பது பிளாஸ்டிக் கதிரை.
முன்வரிசையில் கிளறன்ஸ்,
மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கால்.

முதற் பத்தி. ஐந்து உடல்.
ஆறாவதில் இரண்டு கை அகலத்துக்கு நிலம்.
அதற்கு லைற் போட்டேன்.
"தம்பி, லைற் பிசகி நிக்குது" என்று
திரும்பிச் சைகை காட்டினார் ஒருவர்.

இரண்டாவதில் அந்த வெறுமை முன்னுக்கு வந்தது.
ஐந்து பேரும் அதன் குதிக்காலை மிதித்துவிடாமல்
பின்னால் போனார்கள்.
மூன்றாவதில் கயிற்றுக்கும் நேற்றுக்கும் நடுவே.
நாலாவதில் கதவு அதற்காகத் திறந்தது.
இப்போது ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
ஹலஜனில் ஒரு பூச்சி விழுந்து பொரிந்த சத்தம்
எனக்குக் கேட்டது.

ஆறாம் பத்தி.
நேற்றுக்கும் பெயருக்கும் இடையில் அது வந்து நின்று,
கதிரைகளின் ஓரமாய் நடக்கத் தொடங்கியது.
முன்வரிசைக் கடைசியில் இருந்த பெண்
கால்களை உள்ளே இழுத்தாள்.
நிலத்தில் வைத்திருந்த பையை மடிக்கு எடுத்தாள்.
அது கடந்து போகும்வரை
தலையைச் சற்றே தாழ்த்தியிருந்தாள்.
யாருக்கு வழிவிட்டாள் என்று
நான் கேட்கவில்லை.
லைற்காரனுக்கு அது வேலையில்லை.

யாகப்பர் கோயில் மணி எட்டு அடித்தது.
கைதட்டல் பிந்தித்தான் வந்தது.
ஊன்றுகோலைத் தேடியபடி
கிளறன்ஸ் என்னிடம் முறைப்பாடு சொன்னான்:
"நாலாவதில இடப்பக்கம் திரும்பவேணும்.
மறந்துபோச்சு அது.
நானெண்டா திரும்பியிருப்பன்."
கொஞ்சம் பொறுத்து,
"மற்றதெல்லாம் என்னைவிட நல்லாத்தான் செய்தது."

எல்லோரும் போனபின்
உப்பரித்த கதவைக் கயிற்றால் கட்டப் போனேன்.
நிற்கும் இடமெல்லாம் நேற்று எழுதிவைத்த பெயர்களில்
ஒன்றின்மேல் தண்ணீர் சிந்திக் கிடந்தது.